கூட யாரு வந்திருக்கா?

பேர் என்ன, வயசு என்ன, என்ன செய்யுது, கூட யாரு வந்திருக்கா. நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி உள்ளே நுழைந்ததும் வரிசையாக வரும் கேள்விகள் இவை. நாலாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் வேலை மளமளவென்று நடக்கும். சீட்டு போட ஓர் ஆள், ரத்தம் எடுத்த ட்யூபை லேபுக்குக் கொண்டுபோக ஓர் ஆள், ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்க ஓர் ஆள், டிரிப்ஸ் முடியும்போது "சிஸ்டர், பாட்டில் தீரப்போகுது" என்று ஓடிவர ஓர் ஆள், ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்க ஓர் ஆள்.

கும்மிடிப்பூண்டியில் அந்த நாலாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் ஏராளம். சிப்காட் வளாகத்தில் உருக்கு ஆலை, ரோலிங் மில், ரசாயனம், பிளாஸ்டிக் என்று வரிசையாக இருக்கின்றன. கொஞ்சம் மேற்கே தேர்வாய்கண்டிகையில் இன்னொரு சிப்காட், அங்கே மிச்செலின் டயர் தொழிற்சாலை. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா, அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி. இந்த ஆலைகளின் சூடான, கனமான வேலைகளில் பெரும்பகுதியைச் செய்கிறவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்காளத்துப் பையன்கள். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர். வீடு இரண்டு ராத்திரி ரயில் தூரத்தில்.

நான் வார்டில் வேலை பார்த்தவள். இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கம்யூனிட்டி போஸ்டிங் வரும்போது அவர்களைக் கூட்டிக்கொண்டு பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போவேன். ரொம்ப நாளாக மனசில் இருப்பதை இந்தப் பதிவில் சொல்லிவிடுகிறேன். நம் மருத்துவமனைகளில் நோயாளிப் பராமரிப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதியை நர்சுகள் செய்வதில்லை. அம்மாக்களும் மனைவிகளும் அக்கா தங்கைகளும் செய்கிறார்கள். அவர்கள் செய்வார்கள் என்று எண்ணித்தான் வார்டுக்கு இத்தனை நர்ஸ் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டு ஆள் இல்லாத ஒருவர் வந்து படுக்கும்போது அந்தக் கணக்கு உடைகிறது.

கை அடிபட்டு வருகிறவரை எடுத்துக்கொள்வோம். பிரஸ் மெஷின், ரோலர், கன்வேயர் எல்லாமே முதலில் கையைத்தான் பிடிக்கும். நல்லவேளையாக வடசென்னைக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் கை அறுவைசிகிச்சைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கினார். பின்னாளில் அது நாடு முழுவதிலுமிருந்து மருத்துவர்கள் வந்து கற்றுக்கொள்ளும் நிலையமாக வளர்ந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அங்கே போக சுமார் 45 கிலோமீட்டர். துண்டான விரலைத் திரும்ப ஒட்டவைக்க முடியும், ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தால்.

அந்த "ஒழுங்காக" என்பதை நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸ் மேல் படக்கூடாது, பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். மணிக்கட்டுக்கு மேலே துண்டாகிவிட்டால், அதில் தசை அதிகம் இருப்பதால், குளிர்ச்சி இல்லாமல் ஆறு மணி நேரத்துக்குமேல் தாங்குவது கடினம். விரலுக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆலையில் இதைத் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தால் ஒரு மனிதனின் பிழைப்பே காப்பாற்றப்படுகிறது.

சரி, ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன? ஒட்டவைத்த விரலை மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும். நிறம், சூடு, நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்பது. வெளுத்தால் ரத்தம் உள்ளே போகவில்லை, நீலம் பாரித்தால் வெளியே வரவில்லை. எதுவானாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். பீடி, கைனி எதுவும் தொடக்கூடாது, நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். இதை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். இதெல்லாம் நர்ஸ் வேலை, பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

புத்தகத்தில் கொஞ்சமாகவும் வாழ்க்கையில் நிறையவும் இருக்கிற வேலை இன்னொன்று. ஒரு கையில் பெரிய கட்டு, இன்னொரு கையில் டிரிப்ஸ் ஊசி. அந்த ஆளால் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக முடியாது, பேன்ட் நாடாவை அவிழ்க்க முடியாது, கழுவிக்கொள்ள முடியாது. நான் பார்த்த ஓர் ஒடிசாப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான். காலைச் சாப்பாடு அப்படியே பொட்டலமாகக் கட்டில் ஓரத்தில் இருந்தது. பசிக்கவில்லையா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "பூக் லகா ஹை, தீதி" என்றான். பசிக்கிறது, அக்கா. பிரித்துத் தர யாருமில்லை, கேட்கக் கூச்சம். கேஸ் ஷீட்டில் அவன் உணவு உட்கொண்டதாகவே இருந்தது. சாப்பாடு கொடுத்தாகிவிட்டது, அதனால் சாப்பிட்டாகிவிட்டது.

அன்று வார்டில் இருந்த ஸ்டாஃப் நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டில்கள், ஊசி மருந்து போடுவது, புது அட்மிஷன், தியேட்டருக்கு அனுப்ப வேண்டியவர்கள், நாலைந்து ரெஜிஸ்டர். பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று பேருக்கு ஒருவர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. இரவு டூட்டியில் ஒரு வார்டை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

கணக்காகவே போட்டுப் பாருங்கள். ஒரு வார்டில் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு எலும்பு உடைந்தவர், தண்டுவடம் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 12 தடவை, எட்டுப் பேருக்கு 96 தடவை. ஒரு தடவைக்கு இரண்டு பேர் சேர்ந்து ஐந்து நிமிடம் என்றால் 480 நிமிடம். முழுதாக எட்டு மணி நேரம், இரண்டு ஆட்கள், வேறு எந்த வேலையும் செய்யாமல். அந்த இரண்டு ஆட்கள் நம் எந்த வார்டிலும் இல்லை. அந்த 96 தடவையும் நடக்கிறது என்றால் மனைவியோ மகனோ செய்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் நடப்பதில்லை. பத்து நாளில் முதுகுக்குக் கீழே தோல் கறுத்து, பிறகு குழியாகிறது.

கூட யாரும் இல்லாதவர்களுக்கு யார் செய்கிறார்கள் தெரியுமா? அறைத் தோழர்கள். அதே ஊர், சில சமயம் அதே தெரு. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் காலை ரயில் பிடித்து வந்து, நண்பனுக்குப் பல் தேய்த்துவிட்டு, யூரின் பேக்கைக் காலி செய்துவிட்டு, பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு, மறுபடி ஷிஃப்டுக்கு ஓடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வாரம் இப்படிப் பார்த்துக்கொண்டவர்களுக்கு யார் நன்றி சொன்னார்கள் என்று தெரியவில்லை. நான் இங்கே சொல்கிறேன்.

உள்ளூர்க்காரர்களுக்கும் இந்தப் பிரச்சினை வெகு தூரத்தில் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், புருஷன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் வயசாகிவிட்டது என்று தனியாக வந்து படுக்கும் பாட்டிகள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்கு இன்று நடப்பது நாளைக்கு நமக்கு.

இப்போது எங்கள் பக்கம், அதாவது நர்சிங் படிப்பின் பக்கம். முதல் வருடத்திலேயே படுக்கையில் குளிப்பாட்டுதல், வாய் சுத்தம், முதுகுப் பராமரிப்பு, ஊட்டிவிடுதல், பெட்பேன் வைத்தல் எல்லாம் சொல்லித்தருகிறோம். லேபில் பொம்மையை வைத்து அழகாகச் செய்துகாட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை தடவை செய்ததாக ரெக்கார்டில் கையெழுத்து வேண்டும். வார்டுக்குப் போனால் குளிப்பாட்டுகிறவர் நோயாளியின் மனைவி. மாணவி பி.பி. பார்க்கிறாள், ஊசிக்கு உதவுகிறாள், சார்ட் எழுதுகிறாள். மூன்றாம் வருடம் வருவதற்குள் அவள் மனசில் பதிந்துவிடுகிறது: ஊசி என்பது நர்ஸ் வேலை, உடம்பு துடைப்பது கூட வந்தவங்க வேலை. யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லவில்லை. வார்டு சொல்லிக்கொடுத்தது.

சென்னையைச் சுற்றியும் திருவள்ளூர் மாவட்டத்திலும் நர்சிங் கல்லூரிகள் நிறைய. கல்லூரி பஸ்ஸில் வந்து இறங்கும் மாணவிகளால் காலை நேர வார்டு நிறைந்து வழியும். ஒரே கட்டிலைச் சுற்றி இரண்டு மூன்று கல்லூரியின் யூனிஃபார்ம். மதியம் பஸ் கிளம்பினால் வெறிச். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சில் விதி. அந்த ஆசிரியரும் கூட நின்று, ஆளில்லாத நோயாளிகளை மட்டும் பொறுப்பெடுத்துக்கொண்டு, கடைசி வரை எல்லாவற்றையும் செய்யவைத்தால் மாணவி கற்பது வேறு மாதிரி இருக்கும். என் மாணவிகளோடு முடிந்தபோதெல்லாம் இதைச் செய்கிறேன். ஒரு நோயாளிக்கு முகச்சவரம் செய்துவிட்ட மாணவி, அன்றைக்கு வார்டில் தான் போட்ட ஊசிகளைப் பற்றிப் பேசவே இல்லை. அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இன்னொரு வகைப் பெண்களையும் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து, சின்ன ஊர்களில் "ஒரு வருட நர்சிங்" என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் இடங்களில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. ஏ.என்.எம். என்றால் 2 வருடம், ஜி.என்.எம். 3, பி.எஸ்சி. 4. வேறு குறுக்குவழி கிடையாது. பெண்ணைச் சேர்க்கும் முன் கல்லூரியின் பெயர் இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் இருக்கிறதா என்று பெற்றோர்கள் பார்த்துவிட வேண்டும். ஏமாந்த அந்தப் பெண்கள்தான் இன்றைக்குச் சின்ன நர்சிங் ஹோம்களில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சொற்பச் சம்பளத்துக்கு, நோயாளியைத் துடைத்துத் திருப்பிப் போடுகிறார்கள். கூடவே, செய்யக்கூடாத ஊசிகளையும் போடவைக்கப்படுகிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை.

சம்பளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தனியார் நர்சுகளின் ஊதியம் பற்றி ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்சுக்குச் சமமான சம்பளம். கேரளத்தில் நர்சுகள் தெருவில் இறங்கிப் போராடி, 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசாணையில் வாங்கினார்கள். இந்தப் பக்கம் என்னிடம் படித்தவர்கள் சொல்லும் சம்பளத்தைக் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது.

அரசுப் பக்கம் மட்டும் என்ன? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி 7,000-க்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. நிரந்தரம் வரவில்லை. 2017 நவம்பர் 27 அன்று ஆயிரக்கணக்கானோர் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. உயர் நீதிமன்றம் தலையிட்டு அந்தப் போராட்டம் மூன்றாம் நாளில் முடிந்தது.

அடுத்தது கொரோனா. 2020-ல் வார்டுக்குள் வீட்டு ஆட்கள் யாரும் வரக்கூடாது என்று ஆனது. அதுவரை உறவினர்கள் செய்த எல்லாமே ஒரே நாளில் நர்சுகள் கைக்கு வந்தது. கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு ஊட்டினார்கள், கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள், டயபர் மாற்றினார்கள், வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள். நம் நர்சுகளால் முழுப் பராமரிப்பும் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அரசு அப்போது செய்த சரியான காரியம், தற்காலிகமாகவாவது கூடுதல் நர்சுகளை எடுத்தது. 2022 டிசம்பர் 31-உடன் அவர்களில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பணி நீட்டிக்கப்படவில்லை. அதன்பின் போராட்டம், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வழியாக மாற்றுப் பணி என்ற அறிவிப்பு. பெருந்தொற்று போய்விட்டது, உண்மைதான். துண்டான கையோடும் உடைந்த இடுப்போடும் தனியாக வருகிறவர்கள் போகவில்லையே.

தென்கொரியாவில் இதே கதை கொஞ்சம் வேறு மாதிரி முடிந்தது. அங்கேயும் நம்மைப் போலத்தான், குடும்பத்தார் வார்டிலேயே தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்வார்கள், முடியாதவர்கள் கூலிக்கு ஆள் வைப்பார்கள். 2015-ல் மெர்ஸ் காய்ச்சல் வந்து 186 பேரைத் தாக்கியது, 38 பேர் இறந்தார்கள். தொற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள அல்லது பார்த்துப்போக வந்தவர்கள். அதற்கு முன்பே 2013-ல் சோதனையாகத் தொடங்கியிருந்த ஒரு திட்டத்தை அதன் பிறகு வேகமாக விரித்தார்கள். அந்த வார்டுகளில் வீட்டு ஆள் தங்க வேண்டாம். நர்சும் உதவி நர்சும் சேர்ந்து எல்லாம் செய்வார்கள். செலவில் பெரும்பகுதியைத் தேசியக் காப்பீடு ஏற்கும். குறை இல்லாமல் இல்லை. அதிகப் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களைத் தவிர்த்துவிட்டு எளிதான நோயாளிகளையே மருத்துவமனைகள் அந்த வார்டில் சேர்க்கின்றன என்ற புகார் அங்கே தொடர்ந்து வருகிறது. நாம் செய்யும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். ஆளில்லாதவருக்கே முதல் கட்டில்.

ஆலைகளின் பொறுப்பையும் விட்டுவிட முடியாது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறையும் மருத்துவ ஊழியரும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பலத்த காயம் என்றால் ஒப்பந்தக்காரர் இரு மாநில அதிகாரிகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. இரண்டும் இப்போது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் அறை விதி அதிலும் உண்டு. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் பெரும்பாலும் தனி ஆள். 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. அதைத் தவிர்க்க, "ஃபர்ஸ்ட் எய்டுன்னு மட்டும் எழுதுங்க சிஸ்டர்" என்று அழுத்தம் வருவதாக என் மாணவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுதாமல் விட்ட காயம் ஈ.எஸ்.ஐ. கணக்கிலும் ஏறாது. அந்த ஆள் மூன்று மடங்கு தனியாள் ஆகிவிடுகிறார்.

ஆலை நர்சுகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஆளை ஆம்புலன்சில் ஏற்றும்போது கூடவே ஒரு தாள் அனுப்புங்கள். ஊர், வீட்டு நம்பர், பேசும் மொழி, ரத்த வகை, ஒத்துக்கொள்ளாத மருந்து, ஈ.எஸ்.ஐ. எண், தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு சக தொழிலாளியின் போன் நம்பர். கூடவே ஒரு மாற்று லுங்கி, சட்டை. மறுநாள் வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வார்டு சிஸ்டர்கள் ஹேண்டிங் ஓவரின்போது "இவருக்கு ஆள் இல்லை" என்பதைச் சர்க்கரை, பி.பி. போலவே சொல்லி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அப்படி எழுதப்பட்டவருக்கு யார் ஊட்டுவது, யார் திருப்புவது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பெயர் இருக்கட்டும்.

அரசிடம் கேட்பது இதைவிடப் பெரியது. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட 11 புதிய மருத்துவக் கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. மாவட்டத்தின் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் தேசிய நெடுஞ்சாலை விபத்துகளுக்கும் அதுதான் இயல்பான இடம். அதன் மருத்துவமனையில் ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டு ஒன்றை, உறவினர் தங்கத் தேவையில்லாத வார்டாக ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம். ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ், மூன்று ஷிஃப்டிலும், லீவுக்கு மாற்று ஆளோடு. கூடவே பராமரிப்பு உதவியாளர் என்று முறையான பயிற்சியும் பதிவும் சம்பளமும் உள்ள ஒரு பணியிடம். ஒரு வருடச் சான்றிதழோடு ஏமாந்து நிற்கும் நம் கிராமத்துப் பெண்களுக்கு அங்கே நேர்மையான பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். படுக்கைப் புண் எத்தனை, தொற்று எத்தனை, சராசரியாக எத்தனை நாளில் வீடு திரும்புகிறார்கள் என்று பக்கத்து வார்டோடு ஒப்பிட்டு மாதாமாதம் வெளியிட வேண்டும். அந்த வார்டுக்குக் கிளினிக்கல் போஸ்டிங் அனுமதி கிடைத்தால், பகல் மட்டுமல்ல, இரவு டூட்டிக்கும் என் மாணவிகளோடு நான் வருகிறேன்.